கிங்ஸ்லியின் சாவு: பிரெட் ஹாயிலின் ‘தி பிளாக் கிளவுட்’ பிரசார நாவலா?

வானியற்பியலாளர் பிரெட் ஹாயில் 1957இல் வெளியிட்ட ‘தி பிளாக் கிளவுட்’ நாவலை, பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்னும் அவருடைய நிலைத்த நிலைக் கோட்பாட்டுக்கான பிரசாரம் என்று படிக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. அதற்குக் காட்டப்படும் சான்று ஒரே ஓர் உரையாடல். சூரியனைச் சூழ்ந்துகொண்ட மேகம் அறிவுடையது என்று தெரிந்தபின், அதன் இனத்தில் முதல் மேகம் எவ்வாறு தோன்றியது என்ற கேள்வி எழுகிறது. முதல் மேகம் என்று ஒன்று இருந்ததையே மேகம் ஒப்பவில்லை. வெடித்துப் பிறந்த பிரபஞ்சத்தை நம்புவோருக்கு இது நல்ல குட்டு என்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் மகிழ்கிறார்கள்.

1948 முதல் ஹாயில் வாதாடிய கட்சியின் குரல் இங்கே கேட்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சில வரிகளில் வந்து போகும் இந்த நையாண்டியை நீக்கிவிட்டாலும் கதையில் ஒரு நிகழ்ச்சிகூட மாறாது. நாவலின் கனம் முழுவதும் கேம்பிரிட்ஜ் வானியலாளர் கிங்ஸ்லியின் சாவில் இருக்கிறது.

மேகம் விடைபெறும் முன் தன் அறிவை மனித மூளைக்குள் செலுத்திப் பார்க்க இசைகிறது. முதலில் முன்வந்த விஞ்ஞானி வைகார்ட் இறக்கிறார். அதை அறிந்தே கிங்ஸ்லியும் முன்வந்து இறக்கிறார். அளவுமீறி அறிய விரும்பியவனுக்கு நேர்ந்த தண்டனை என்பது இதற்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம். பிரதி அதற்கு இடம் கொடுக்கவில்லை. நிகழ்ந்ததை எழுதிவைக்கும் மருத்துவர் மெக்நீலின் கணிப்பு வேறு: வந்து சேர்ந்த அறிவின் அளவு கொல்லவில்லை, அது ஏற்கெனவே வேரூன்றியிருந்த அறிவோடு மோதியதே கொன்றது. இவ்வளவு கற்றிராத தோட்டக்காரர் ஜோ ஸ்டாடர்ட் அந்த இடத்தில் இருந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்றும் அவர் கருதுகிறார்.

கடைசிப் பக்கங்களில் திடீரென ஒட்டவைத்த எண்ணமா இது? மேகத்துக்குப் பேச்சுக் குரல் அமைக்கும்போது விஞ்ஞானிகள் எடுத்துக்கொள்வது இந்த ஸ்டாடர்டின் நாட்டுப்புற உச்சரிப்பைத்தான். மேகத்தையே ‘ஜோ’ என்று அழைக்கவும் செய்கிறார்கள். வெறும் வேடிக்கை என்று இதைத் தள்ளிவிடலாம். முடிவைத் தெரிந்துகொண்டு திரும்பப் படிப்பவருக்கு அது அவ்வளவு எளிதாக இராது என்றே தோன்றுகிறது. மேகம் புறப்படுவதற்கான காரணமும் இதனுடன் சேர்த்து எண்ணத்தக்கது. தொலைவிலுள்ள இன்னொரு மேகம் ஆழ்ந்த வினாக்களுக்கு விடை கண்டதாகத் தெரிவித்தபின் பேச்சற்றுப்போயிருக்கிறது. ஆபத்து மனிதனுக்கு மட்டும் உரியதாயின் இந்த நிகழ்ச்சிக்குக் கதையில் வேலையே இல்லை.

முன்னுரையில் ஹாயிலே இந்நூலை விளையாட்டு என்கிறாரே என்பது வாதமாகாது. முன்னுரைகளில் ஆசிரியர்கள் சொல்லும் அடக்கவுரை அது. மெக்நீலின் கருத்து ஆசிரியருடையது ஆகுமா என்ற ஐயத்துக்கு மதிப்பு உண்டு. ஆயினும் அதை மறுக்கும் குரல் எதையும் நாவல் நமக்குத் தரவில்லை.

எதிர்த்திசையிலும் எச்சரிக்கை தேவை. 1965இல், பெருவெடிப்புக்குச் சான்றாகக் கொள்ளப்படும் பிரபஞ்ச நுண்ணலைப் பின்புலக் கதிர்வீச்சு கண்டறியப்பட்ட செய்தி வெளியானது. பிறகும் ஹாயில் பெருவெடிப்பை ஏற்கவில்லை. 1993இல் வானியற்பியலாளர்களான பர்பிட்ஜ், நார்லிகர் ஆகியோருடன் சேர்ந்து தம் கோட்பாட்டுக்குத் திருத்திய வடிவம் தந்தார். கிங்ஸ்லியின் சாவில் இந்தப் பிடிவாதத்தின் முன்னறிவிப்பைக் காண ஆசை எழும். ஆனால் 1957இல் எழுதியவருக்கு 1965 தெரியாது. நிலைத்த நிலைக் கோட்பாடு அப்போது புதியது. பழைய அறிவில் உறைந்தவர்கள் எதிர்க்கட்சியினர் என்றே அவர் எண்ணியிருக்க வேண்டும்.

அப்படியானால், பிரசாரம் செய்ய வந்தவர் அந்தச் சாவை எதிர்க்கட்சியில் ஒருவருக்கல்லவா கொடுத்திருப்பார்? கிங்ஸ்லியோ மேகத்தின் விடையைக் கேட்டு மகிழ்ந்த கட்சிக்காரர், ஹாயிலைப் போலவே கேம்பிரிட்ஜ்காரர், அரசியல்வாதிகளைப் பொறுக்காதவர். இந்த வினாவுக்குப் பிரசார வாசிப்பிடம் விடை இல்லை. அந்த வகைப்பாட்டைக் கைவிடுவதே முறை.