நீள்முடி கேட்ட குளியல்

கினிப்பன்றியைக் குளிப்பாட்டுவதும் சீவுவதும் அந்தப் பிராணியின் இயல்பான தேவை என்று வளர்ப்போர் பலர் நம்புகிறார்கள். அதன் வரலாறு வேறு சொல்கிறது. ஆண்டிஸ் மலைமக்கள் இதைப் பழக்கி ஏறத்தாழ 7,000 ஆண்டுகள் ஆகின்றன. 'கூய்' என்று அங்கே அழைக்கப்படும் இது சமையலறைத் தரையில், அடுப்பின் கதகதப்பில், புல்லும் காய்கறித் தோலும் தின்று வளர்ந்தது. விருந்துக்கு இறைச்சியானது, நோயாளியின் உடம்பில் தேய்த்து நோயைக் கண்டறியும் சடங்குக்கும் உதவியது. தென் பெருவின் எல் யாராலில், வீட்டுத் தரைக்கடியில் பலியாகப் புதைத்த கூய்கள் முடி கலையாமல் கிடைத்திருக்கின்றன. இவ்வளவு மதிப்புப் பெற்ற பிராணிக்கு வேண்டியிருந்ததெல்லாம் தீனியும் சூடும் ஈரமற்ற தரையும்தான். குட்டைமுடிக் கூய் நாக்காலும் காலாலும் தன்னைத் தானே துப்புரவாக வைத்துக்கொள்ளும்.

சீப்பு அவசியமானது ஐரோப்பாவில். ஸ்பானியர் பெருவைப் பிடித்த சில பத்தாண்டுகளுக்குள், 1554இல், சுவிட்சர்லாந்தின் கொன்ராட் கெஸ்னர் இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் அழகுப் போட்டிக்காக வளர்க்கும் ஆர்வம் வலுத்தது 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில். 1886இல் கம்பர்லண்ட் என்பவர் வெளியிட்ட கினிப்பன்றி நூலின் தலைப்பே உணவு, தோல், அலங்காரம் என்று மூன்று பயன்களைச் சொல்கிறது, உணவுதான் முதலில். பின்னாளில் அந்நாட்டில் அலங்காரம் மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது. 'பெருவியன்' என்ற இனத்தின் முடி மாதத்துக்குச் சுமார் 2.5 செ.மீ. வளர்ந்துகொண்டே போகும். போட்டிக்கு வளர்ப்போர் அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, காகிதத்தில் மடித்துச் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு வைப்பார்கள். போட்டியன்று அவிழ்த்துச் சீவி, சாக்குத்துணி போர்த்திய பலகையில் நிறுத்துவார்கள். முகம் எது, பின்புறம் எது என்றே தெரியாது. அந்த முடி தரையில் இழுபட்டுச் சிறுநீரில் நனைவதால்தான் குளியலும் கட்டாயமாகிறது.

நீள்முடி பெருவிலும் உண்டே என்று கேட்கலாம். உண்டு, என் வாதத்துக்கு அதுவே வலுவான சான்று. பெருவின் கால்நடை வல்லுநர்கள் கூய்களை முடியின்படி நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். நீண்ட நேர்முடி மூன்றாம் வகை. இறைச்சிக்கு உகந்ததல்ல என்று பண்ணைகள் அதைத் தவிர்க்கின்றன. ஒரே குணத்தை ஒரு நாடு ஒதுக்கியது, இன்னொன்று பரிசு கொடுத்துப் பெருக்கியது. பேன், பூஞ்சைத் தொற்றுக்கு மருந்துக் குளியல் வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. சில சமயம் வேண்டும்தான். ஆனால் அது நோய்க்கான சிகிச்சை, வாராந்தர வழக்கமல்ல. அடிக்கடி சோப்புப் போட்டால் தோல் வறளும். ஈரம் உலராவிட்டால் குளிரில் வாடும். முதிய ஆணுக்கு முதுகெலும்பு முடியும் இடத்தில் பிசுபிசுக்கும் சுரப்பியை எப்போதாவது அந்த இடத்தில் மட்டும் கழுவினால் போதும். நீள்முடிப் பிராணியை வீட்டில் வைத்திருப்பவர்கள், போட்டிக்கு அனுப்பும் எண்ணம் இல்லையென்றால், பின்பக்க முடியைக் கத்தரித்துவிடலாம். பெரும்பாலான குளியல்கள் அதோடு தேவையற்றுப் போகும்.