சங்காயமும் புண்ணாக்கும்

பாம்பனில் விசைப்படகு கரைக்கு வந்ததும் பாட்டை இரண்டாகப் பிரிப்பார்கள். இறால், நண்டு, பெரிய மீன் ஒரு பக்கம். பொடிமீனும் குஞ்சுமாகக் கலந்து கிடக்கும் குவியல் மறுபக்கம், அதுதான் சங்காயம். காயவைத்து அரைத்தால் மீன்தூள், கோழிக்கும் வளர்ப்பு மீனுக்கும் தீவனம்.

இந்த மீன்தூளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1960-களில் உலகச் சந்தைக்கு அதை அதிகம் அனுப்பிய நாடு தென் அமெரிக்காவின் பெரு. 1970-இல் அங்கே பிடித்த நெத்திலி இன மீன் ஏறத்தாழ 1.2 கோடி டன். அளவுக்கு மீறிப் பிடித்திருந்த நிலையில், 1972-இல் எல் நினோவால் கடல் சூடேறியது. 1973-இல் பிடிப்பு சுமார் 20 லட்சம் டன்னாக விழுந்தது. தீவனக்காரர்கள் சோயாப் புண்ணாக்கைத் தேடி ஓடினார்கள். விலை எகிறியது. அந்த ஜூன் மாதம் அமெரிக்கா சோயா ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அமெரிக்க சோயாவையே நம்பியிருந்த ஜப்பான் திண்டாடியது.

மீனுக்குப் புண்ணாக்கு போடுவது நமக்குப் புதிதல்ல. கட்லாவும் ரோகுவும் வளர்த்தவர்கள் தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும்தான் போட்டார்கள். ஆனால் கொடுவாவும் கடல் விராலும் மீனைத் தின்னும் மீன்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010-இல் கடல் விராலைக் குஞ்சு பொரிக்க வைத்தது. கடலில் கூண்டு வைத்து அதை வளர்ப்பவர்கள் சூடை போன்ற மலிவு மீனை வெட்டிப் போடுவதுண்டு.

இவற்றுக்குச் சோயாவை அப்படியே கொடுத்துவிட முடியாது. நல்ல மீன்தூளில் புரதம் 60 சதவீதத்துக்கு மேல். சோயாப் புண்ணாக்கில் சுமார் 45. மெத்தியோனின் என்ற சத்தும் அதில் குறைவு, தனியாகச் சேர்க்க வேண்டும். பச்சைச் சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. சூடாக்கினால் அது அடங்கும். இவ்வளவையும் சரிசெய்துதான் நார்வேக்காரர்கள் சால்மன் தீவனத்தை மாற்றினார்கள். 1990-இல் அதில் சுமார் 90 சதவீதம் கடலிலிருந்து வந்தது. 2013-இல் ஏறக்குறைய 30 சதவீதம்தான்.

ஒரு கிலோ மீன்தூளுக்கு நாலைந்து கிலோ பச்சை மீன் வேண்டும். சங்காயத்தில் கிடக்கும் குஞ்சுகளைக் கடலிலேயே விட்டிருந்தால் நாளைக்குப் பெரிய மீனாக வலையில் வரும். கடலின் பாரத்தைக் குறைக்கத்தான் கூண்டு என்கிறோம். அந்தக் கூண்டுக்கும் கடலையே அரித்துப் போட்டால் பாரம் எங்கே குறையும்? பெரு கண்ட கதை பாக் நீரிணைக்கு வர வேண்டாம்.