காப்பகப் பதிவேடு

கொரோனா காலத்துப் பள்ளி மூடலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் படிப்பு கெட்டதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கெட்டது உண்மைதான். ஆனால் பள்ளிக்கூடம் படிப்பு சொல்லிக் கொடுத்ததோடு இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளைக் காலை முதல் சாயங்காலம் வரை பத்திரமாக வைத்திருந்தது. அந்த வேலையை அது செய்ததை, அது நின்ற பிறகுதான் நாம் கவனித்தோம். இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைக் கடைசியில் எழுதுவதாக இருந்தேன். முதலிலேயே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

1975ல் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். அப்போது வைண்டிங்கிலும் ரீலிங்கிலும் பெண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மில் கேட்டுக்குள் நுழைந்ததும் வலது கையில் ஓட்டு வில்லை போட்ட ஒரு நீளமான அறை. அதுதான் குழந்தைகள் காப்பகம். உத்தரத்திலிருந்து வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். ஒரு ஆயாம்மா, அவருக்கு உதவியாக இன்னொருவர். காலைச் சங்கு ஊதுவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து விட்டுப் போவார்கள். நடுவில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

இது முதலாளியின் தர்மம் அல்ல, சட்டம். 1948ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48வது பிரிவு, 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது. 1976ல் அந்த 50ஐ 30 ஆக்கினார்கள். நம் வால்பாறை மாதிரி இடங்களில் உள்ள எஸ்டேட்டுகளுக்கு 1951ம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இதே மாதிரி ஏற்பாட்டைச் சொன்னது. ஆக, 'வேலைக்குப் போகிறவளின் பிள்ளையை யார் பார்ப்பது' என்ற கேள்வி கொரோனாவில் பிறந்ததல்ல. சுதந்திரம் வந்த கையோடு சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருந்தது.

எழுதியது நடந்ததா என்பதுதான் கதை. எங்கள் மில்லில் 80களில் புது மெஷின்கள் வந்தன. ரிட்டயர் ஆன பெண்களின் இடத்தில் வேறு பெண்களை எடுக்கவில்லை. 1986 வாக்கில் நாற்பது பெண்கள் போல மிஞ்சினார்கள். சட்டப்படி காப்பகம் இருந்தாக வேண்டும். ஆனால் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்தான். அவர்களுக்காக இரண்டு சம்பளம் எதற்கு என்று நிர்வாகம் நினைத்தது. ஆயாம்மா ஓய்வு பெற்றதும் வேறு ஆள் போடவில்லை. அறையில் பேப்பர் கோன் பெட்டிகளை அடுக்கினார்கள். காப்பகத்தின் வருகைப் பதிவேடு மட்டும் நிற்கவில்லை. தினமும் அதில் பிள்ளைகள் பெயருக்கு நேராக 'வருகை' என்று எழுதியது நான். தொழிற்சாலை ஆய்வாளர் வருகிறார் என்று தெரிந்தால் பெட்டிகளை ஒதுக்கி நாலு தொட்டில் கட்டுவோம். அவர் போனதும் அவிழ்ப்போம்.

வைண்டிங்கில் ஒரு அக்கா இருந்தார். மூன்று பிள்ளைகள், கடைசி கைக்குழந்தை. ஒருநாள் சம்பளக் கவரை வாங்கும்போது என் மேஜையில் இருந்த பதிவேட்டைக் காட்டிக் கேட்டார்: "ஏனுங் தம்பி, இந்தப் பொஸ்தகத்துல எம்பட புள்ள பேரு எழுதிக்கறீங்களாமா. பேரு இங்க இருக்குது, புள்ளைய எங்கீங்க உடறது?" நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அடுத்த மாதம் கேள்விப்பட்டேன், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்ணை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள் என்று. அந்தப் பெண்ணுக்குப் பத்து வயது. அப்போது என் மகளுக்கு மூன்று வயது. என் மனைவி வீட்டில் இருந்ததால் எங்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியவில்லை.

பிறகு வந்த வருஷங்களில் பல மில்கள் கல்யாணமாகாத இளம் பெண்களை ஹாஸ்டலில் தங்கவைத்து வேலைக்கு எடுத்தன. சுமங்கலித் திட்டம் என்ற பெயர் வாசகர்களுக்கு நினைவிருக்கும். கல்யாணமாகாதவர்களுக்குப் பிள்ளை ஏது? காப்பகம் என்ற பேச்சே அங்கே தேவைப்படவில்லை.

ஆலைக்கு வெளியே அரசாங்கம் செய்தவற்றையும் சொல்ல வேண்டும். 1956ல் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். பிள்ளை பசியாமல் படிக்க வேண்டும் என்பது நோக்கம். மத்தியானம் வீட்டுக்கு ஓடிவந்து சோறு போட வேண்டிய கட்டாயம் தாய்க்கு இல்லாமல் போனது கூடுதல் லாபம். சிறு குழந்தைகள் பற்றி ஆராய மீனா சுவாமிநாதன் தலைமையில் அமைந்த குழு 1972ல் அறிக்கை கொடுத்தது. 1975 அக்டோபர் 2ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. இன்றைய அங்கன்வாடிகள் அதிலிருந்து வந்தவை. 1982 ஜூலை 1ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது 2 வயதுப் பிள்ளைக்கும் சோறு கிடைத்தது. நம் ஊரில் 'பால்வாடி' என்று சொல்லி எத்தனை பிள்ளைகளை விட்டுவிட்டு எத்தனை தாய்மார்கள் களைவெட்டப் போனார்கள்! ஆனால் இவை எதுவும் காப்பகமாகத் திட்டமிட்டவை அல்ல. ஊட்டச்சத்துக்கும் படிப்புக்கும் என்று திறந்த கதவு அது. அதன் நிழலில் வேலைக்குப் போகும் பெற்றோர் ஒதுங்கிக்கொண்டார்கள்.

2020 மார்ச் 17 முதல் தமிழ்நாட்டில் அந்தக் கதவுகள் எல்லாம் ஒரே சமயத்தில் மூடின. பள்ளி, அங்கன்வாடி, பிளே ஸ்கூல், டியூஷன், எதுவும் மிச்சமில்லை. 25ம் தேதியிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. முதலில் எல்லோருமே வீட்டில் இருந்ததால் பிரச்சினை தெரியவில்லை. மே மாதத்தில் ஆலைகளும் கடைகளும் ஒவ்வொன்றாகத் திறந்தன, பள்ளி திறக்கவில்லை. 9ம் வகுப்புக்கு மேல் உள்ளவர்கள் நடுவில் கொஞ்சநாள் போனார்கள். 1 முதல் 8ம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மறுபடி வகுப்பில் உட்கார்ந்தது 2021 நவம்பர் 1ல். 19 மாதங்களுக்கு மேல். எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளுக்கு 2022 பிப்ரவரி ஆகிவிட்டது. பெற்றோரை வேலைக்கு வா என்று சொன்ன எந்த உத்தரவிலும், பிள்ளையை எங்கே விடுவது என்ற வரி இல்லை.

என் மகள் வங்கியில் வேலை செய்கிறாள். வங்கி அத்தியாவசிய சேவை, ஒருநாளும் மூடவில்லை. மாப்பிள்ளை ஒரு பவுண்டரியில் சூபர்வைசர். அது மூடியிருந்தவரை அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். பேத்திக்கு 8 வயது, பேரனுக்கு 4. பவுண்டரி திறக்கும் முந்தின நாள் ராத்திரி மகள் போன் செய்தாள். "அப்பா, நாளைக்கு என்ன பண்றதுன்னே தெரியலைங்கப்பா" என்றாள். முப்பத்தேழு வயதுப் பெண் அழுகிற சத்தம் கேட்டது.

எனக்கு அப்போது 68, சர்க்கரை உண்டு. மனைவிக்கு வீசிங். பிள்ளைகளோடு நெருங்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாப்பிள்ளையும் போனை வாங்கி, "வேண்டாமுங்க மாமா, நாங்க எப்படியோ பாத்துக்கறோம்" என்றார். அந்த 'எப்படியோ' என்பதற்குள் ஒன்றும் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மத்திய அரசின் அப்போதைய உத்தரவில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று ஒரே பத்தியில் சொல்லியிருந்தார்கள். அதைப் பேப்பரில் படித்துக் காட்டினேன். மனைவி சொன்னாள்: "கவருமெண்டே நம்மளையும் புள்ளைங்களையும் ஒண்ணா உக்கார வெச்சுட்டுது. வரச் சொல்லுங்க." காலை எட்டேகாலுக்கு மகள் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்துவாள். உள்ளே வரமாட்டாள். மாஸ்க்கோடு நின்று கையசைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் ஆறரைக்கு அதே மாதிரி கூட்டிப்போவாள். கேட்டருகே அவள் பிள்ளைகளை விடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நீளமான அறை நினைவுக்கு வரும்.

எங்கள் காம்பவுண்டுக்குப் பின்னால் லைன் வீடுகள். அங்கே ஒரு அம்மா பனியன் கம்பெனி வேனில் காலை ஏழு மணிக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு வருவார். கணவர் இல்லை. 11 வயதுப் பெண், 3 வயதுப் பையன். அங்கன்வாடியிலிருந்து பையனுக்குரிய பொருள்களை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அரிசி வந்ததே தவிர, அவனைப் பார்த்துக்கொள்ள யாரும் வரவில்லை. அந்தச் சிறுமிதான் சோறாக்கினாள், தம்பியைக் குளிப்பாட்டினாள். கல்வித் தொலைக்காட்சியில் அவள் வகுப்புப் பாடம் வரும் நேரத்தில் தம்பிக்குப் பசிக்கும். செல்போன் அம்மாவோடு கம்பெனிக்குப் போய்விடும். ஒருநாள் மதில் மேல் எட்டி, "தாத்தா, மணி என்னங்க?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அந்த இரண்டு பிள்ளைகளும் எங்கள் திண்ணைக்கு வந்தார்கள். நாலு பிள்ளைகள், இரண்டு கிழங்கள். எங்கள் மில் காப்பகத்தின் கடைசி வருஷங்களில் இருந்த பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதி.

2021 மே மாதம் இரண்டாவது அலை. மனைவிக்குக் காய்ச்சல் வந்தது, பிறகு மூச்சு வாங்கியது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனோடு இருந்தாள். பிழைத்து வந்தாள். எனக்கு லேசாக வந்து போனது. யாரிடமிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடித்து ஆகப்போவதும் இல்லை. ஆனால் பேத்தி போனில் கேட்டாள்: "அப்புச்சி, நானுங்களா அம்மிச்சிக்குக் குடுத்தேன்?" இல்லை கண்ணு என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

அதற்கப்புறம் பிள்ளைகளை எங்களிடம் விட மகள் ஒப்பவில்லை. சம்பளமில்லாத விடுப்பு நான்கு மாதம் போட்டாள். அந்த வருஷம் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. மாப்பிள்ளை விடுப்புப் போடுவதைப் பற்றி எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாரும் பேசவே இல்லை, நான் உட்பட. இதையும் எழுதிவைக்க வேண்டும்.

2017ல் மகப்பேறு உதவிச் சட்டத்தைத் திருத்தினார்கள். விடுப்பை 26 வாரமாக்கியதோடு, 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் காப்பக வசதி வேண்டும் என்றும் சேர்த்தார்கள். மகள் தன் அலுவலகத்தில் இதைக் கேட்டாள். இந்தக் கிளையில் 50 பேர் இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதியவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். தாளில் சரியாக இருந்தால் போதும் என்று நானும் முப்பது வருஷத்துக்கு முன்னால் நினைத்தவன்தான்.

2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. தன்னார்வலர்கள் சாயங்காலத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். லைன் வீட்டுச் சிறுமி தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். நவம்பரில் பள்ளி திறந்ததும் அவள் திரும்பப் போனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிம்மதி. அவள் அம்மா ஒரு மாதம் ராத்திரி ஷிப்டுக்கு மாறிப் பகலில் பையனைப் பார்த்துக்கொண்டார். எப்போது தூங்கினார் என்று நான் கேட்கவில்லை.

2022ல் ஒருநாள் ஒண்டிப்புதூரில் அந்த வைண்டிங் அக்காவின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். 74 வயது, காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் நன்றாக இருந்தது. பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன். நான் எழுதியது தப்பு என்றும் சொன்னேன். சிரித்தார். "இத்தன வருசம் களிச்சு இதச் சொல்லவா தம்பி வெய்யல்ல வந்தீங்க? அன்னிக்கு நீங்க எழுதலீன்னா வேற ஒருத்தரு எழுதியிருப்பாங்க" என்றார்.

அது மன்னிப்பா, வெறும் உண்மையா என்று தெரியவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண்மணி மோர் கொண்டுவந்து கொடுத்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற மூத்த மகள் அவர்தான். அவர் இடுப்பில் நாலு வயதுப் பேரன் இருந்தான். மகள் வேலைக்குப் போயிருக்கிறாள், அதனால் இவர் பார்த்துக்கொள்கிறாராம்.