வானத்துச் சுங்கம்

பொதிவண்டிக்கும் ஓடத்துக்கும் சுங்கம் வாங்குவது நம் நாட்டில் மிகப் பழைய வழக்கம். அதை நீக்கினான் என்பதற்காகவே முதற் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பெயர் நிலைத்தது. வானத்தில் செல்பவரிடம் வாங்கும் சுங்கமோ நேற்றுப் பிறந்தது. விமானப் பிரயாணத்தின்மேல் வரி விதித்து, அதனால் காற்று மண்டலத்துக்கு நேரும் கேட்டைக் குறைக்க வேண்டும் என்ற வாதம் இன்று பல தேசங்களில் எழுந்திருக்கிறது. டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழருக்கு இது வெறும் ஏட்டு வாதம் அன்று. இரண்டு நாள் விடுமுறையில் ஊருக்குப் போய்த் தாய் தந்தையரைக் கண்டு திரும்புவதற்கு ஆகும் செலவைப் பற்றிய வாதம். ஆகவே அதன் வரலாற்றைச் சற்று விரித்துக் காண்பது தகும்.

முதலில் கேடு எத்தகையது என்று பார்ப்போம். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் சுமார் 3.16 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. எரிபொருளின் கரி, காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்வதால் எடை இவ்வாறு பெருகுகிறது. உயரத்தில் விமானம் விட்டுச் செல்லும் வெண்மையான பனிக்கோடுகளும் பூமியின் வெப்பம் வெளியேறாதபடி ஓரளவு தடுக்கின்றன. மனிதர் உண்டாக்கும் கரியமில வாயுவில் விமானங்களின் பங்கு ஏறக்குறைய 2.5 சதவீதமே. ஆயினும் மக்கள் தொகையில் மிகச் சிறு பகுதியினர் உண்டாக்கும் பங்கு அது என்பதை மறக்கலாகாது.

இத்தொழில் குழந்தைப் பருவத்தில் இருந்தபோது, அதை வளர்ப்பதே எல்லா அரசாங்கங்களின் கவலையாக இருந்தது. 1944 டிசம்பர் 7-ஆம் தேதி சிகாகோ நகரில் கையெழுத்தான சர்வதேச உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு, வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் விமானத்தின் தொட்டியில் உள்ள எரிபொருளுக்குச் சுங்கம் விதிக்கலாகாது என்றது. பின்னர் நாடுகள் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் இவ்விலக்கை மேலும் விரித்தன. அதன் பயன் இன்றும் தொடர்கிறது. சென்னையிலிருந்து மதுரைக்குப் பறக்கும் விமானம் தன் எரிபொருளுக்கு மத்திய கலால் வரியும் மாநில விற்பனை வரியும் செலுத்துகிறது. தமிழ்நாட்டில் அவ்விற்பனை வரி நெடுங்காலம் 29 சதவீதமாக இருந்தது. அதே சென்னையிலிருந்து லண்டனுக்குப் பறக்கும் விமானமோ பெரும்பாலும் விலக்குப் பெறுகிறது. அதிகம் எரிப்பவருக்குக் குறைந்த வரி! இது நியாயம் என்று நமக்குத் தோன்றவில்லை.

எரிபொருளை விட்டுப் பிரயாணியைப் பிடிக்கும் வழி, நம் நாட்டில் 1979-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தொடங்கிற்று. அப்போது நிதியமைச்சராயிருந்த சரண் சிங், வெளிநாட்டுப் பிரயாண வரியைக் கொண்டுவந்தார். பத்தாண்டு கழித்து, 1989-இல், எஸ். பி. சவாண் உள்நாட்டு விமானப் பிரயாண வரியை விதித்தார். அது பிரயாணக் கட்டணத்தில் 10 சதவீதமாகத் தொடங்கிப் பின்னர் 15 சதவீதமாயிற்று. விமானத்தில் செல்பவர் செல்வர், அவரால் கொடுக்க இயலும் என்பதே இவ்வரிகளின் அடிப்படை. புகையைப் பற்றிய எண்ணத்துக்கு அதில் இடம் இல்லை. 2004 ஜனவரியில் ஜஸ்வந்த் சிங் இரண்டு வரிகளையும் ஒருசேர நீக்கினார். அவருக்குச் ‘சுங்கம் தவிர்த்த’ பட்டம் எவரும் சூட்டியதாகத் தெரியவில்லை. சூட்டியிருந்தாலும் நெடுநாள் பொருந்தியிராது. 2010 ஜூலை முதல் உள்நாட்டுச் சாதாரண வகுப்பும் சேவை வரிக்குள் வந்தது. 2017-இல் சரக்கு-சேவை வரி பிறந்தபோது சாதாரண வகுப்புக்கு 5 சதவீதமும் உயர் வகுப்புக்கு 12 சதவீதமும் என்று ஆயின. 2025 செப்டம்பர் 22 முதல் உயர் வகுப்புக்கு 18 சதவீதம்.

சட்டங்களை மொழிபெயர்ப்போருக்கு வரி, தீர்வை, மேல்வரி, விதிப்பு ஆகிய சொற்கள் ஓயாத தொல்லை தருவன. அவற்றுள் ‘விதிப்பு’ என்ற சொல் 2016-இல் ஒரு விசித்திரமான வேலையைச் செய்தது. சிறு நகரங்களுக்கு விமானம் விடும் ‘உடான்’ திட்டத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. அதற்காகப் பெரிய வழித்தடங்களில் பறக்கும் ஒவ்வொரு விமானத்தின்மேலும் ஒரு விதிப்பு வந்தது. 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பறப்புக்குத் தொடக்கத்தில் 8,500 ரூபாய். திரண்ட தொகை, சுமார் ஒரு மணி நேரப் பறப்புக்கு 2,500 ரூபாய் என்று விலை கட்டப்பட்ட இருக்கைகளுக்கு உதவித்தொகையாகச் சென்றது. அந்நிலையங்களில் எரிபொருளின் விற்பனை வரியை 1 சதவீதமாகக் குறைக்க மாநிலங்களும் ஒப்பின. உலகில் பிற நாடுகள் பறப்பதைக் குறைக்க வரி தேடிய காலத்தில், நாம் பறப்பதைப் பெருக்கவே பறப்பவரிடம் வரி வாங்கினோம்!

மைசூர் மண்டகள்ளி விமான நிலையம் இதற்குக் கண்கூடான சான்று. மன்னர் காலத்து அந்நிலையம் புதுப்பிக்கப்பட்டு 2010-இல் திறக்கப்பட்டது. அவ்வாண்டு பெங்களூரிலிருந்து தொடங்கிய கிங்ஃபிஷர் சேவை நிலைக்கவில்லை. சுமார் 140 கிலோமீட்டர் தொலைவை ரயில் கடக்கும்போது, விமானம் அங்கே எதற்கு? 2017 செப்டம்பரில் உடான் உதவியோடு ட்ரூஜெட் விமானம் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே பறக்கத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் சேவை 2022-இல் நின்றது.

இதே நிலப்பகுதியில் ராமாபுரம் இருக்கிறது. ஹனூருக்கு அப்பால், மாதேஸ்வர மலைக்குச் செல்லும் பக்கம் உள்ள ஊர். 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் தாலுகாவோடு கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது; பிறகு மைசூர் ஜில்லா; 1997 முதல் சாமராஜநகர் ஜில்லா. எல்லைக்கோடு நகர்ந்தபோது, இருந்த இடத்திலேயே பிற மாநிலத்தவரான தமிழர் அப்பகுதியில் உண்டு. அவர்களுடைய பிரயாணம் பெரும்பாலும் பஸ்ஸில்தான். மழை பொய்த்தால் முதலில் வாடுவதும் அத்தகைய மானாவாரி நிலத்து ஊர்களே. விமான வரியைப் பற்றிப் பேசும்போது, பறக்காதவரும் அதில் ஒரு தரப்பினர் என்பதற்காகவே இவ்வூரைக் குறிப்பிட்டோம்.

மேனாடுகளின் அனுபவமும் நேர்கோடாக இல்லை. பிரிட்டன் 1994 நவம்பரில் விமானப் பிரயாணித் தீர்வையை விதித்தது. ஐரோப்பாவுக்குள் 5 பவுன், அப்பால் 10 பவுன். அதுவும் வருவாய்க்காகவே பிறந்தது. சுற்றுச்சூழல் என்ற காரணம் பின்னரே வந்து சேர்ந்தது. நெதர்லாந்து 2008 ஜூலையில் விதித்த வரியை மறு ஆண்டே கைவிட்டது. மக்கள் எல்லை தாண்டிப் பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் விமானம் ஏறினர். 2021-இல் மீண்டும் விதித்தது. ஸ்வீடன் 2018 ஏப்ரலில் விதித்து 2025 ஜூலையில் நீக்கியது.

ஐரோப்பியக் கூட்டமைப்பு 2012-இல் தன் நிலையங்களுக்கு வந்துபோகும் எல்லா விமானங்களையும் கரியமில வாயுக் கணக்குக்குள் கொண்டுவர முயன்றபோது, இந்தியாவும் சீனாவும் ரஷ்யாவும் அமெரிக்காவும் எதிர்த்தன. பிறர் வானத்தில் விட்ட புகைக்கும் ஐரோப்பா எப்படிப் பணம் கேட்கலாம் என்பது நம் தரப்பு வாதம். அது சட்டத்தின்படி வலிமையான வாதமே. ஆனால் அதற்கு ஈடாக நம் வானத்தில் நாமே என்ன செய்யப்போகிறோம் என்பதை அன்று எவரும் சொல்லவில்லை. அவ்வாண்டு நவம்பரில் ஐரோப்பா பின்வாங்கிற்று. 2016-இல் மாண்ட்ரியலில் சர்வதேச சிவில் விமான அமைப்பு வேறொரு ஏற்பாட்டைச் செய்தது: குறித்த அளவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்கு ஈடாக, வேறிடத்தில் அதைக் குறைக்கும் வேலைக்கு விமான நிறுவனங்கள் பணம் செலுத்த வேண்டும். 2027 முதல் இந்தியாவும் அதற்கு உட்பட வேண்டும். அவ்வேற்பாடு நாட்டுக்கு நாடு பறக்கும் விமானங்களுக்கு மட்டுமே உரியது. மைசூரிலிருந்து சென்னைக்கோ, டில்லியிலிருந்து மதுரைக்கோ நாம் செய்யும் பிரயாணம் அந்தக் கணக்கில் சேராது.