நாக்கால் நக்கிய நகரம்

எண்ணெயில் குழைத்த வண்ணத்தை அந்தக் காலத்தில் பன்றியின் சிறுநீர்ப்பையில்தான் அடைத்து வைப்பார்கள். ஆணியால் ஒரு குத்து, வண்ணம் கசியும். குத்திய ஓட்டையைச் சரியாக அடைக்க முடியாது. மிச்சம் காய்ந்து போகும், பை வெடித்தால் எல்லாமே நாசம். இந்தச் சனியனைச் சுமந்துகொண்டு வெளியே போய் யார் வரைவார்? லண்டனில் இருந்த ஓர் அமெரிக்கர் வழி கண்டார்.

ஜான் காஃப் ராண்ட் என்ற அந்த உருவப்பட ஓவியர் 1841-ல் வெள்ளீயத்தில் பிதுக்கும் குழாய் செய்து காப்புரிமை வாங்கினார். (பற்பசை அதில் குடிபுகுந்தது பின்னால்தான்.) வண்ணப்பெட்டி வீதிக்கு வந்துவிட்டது. வரைவதற்கு நல்ல வீதி வேண்டுமே?

பாரிஸில் 1853 முதல் ஓஸ்மான் என்ற அதிகாரி சந்துபொந்துகளை இடித்துத் தள்ளி அகலச் சாலைகள் போட்டுக்கொண்டிருந்தார். ஊரே உலாவக் கிளம்பியது. 1873-ல் காப்புசின் சாலையில், புகைப்படக்காரர் நாதாரின் மாடியிலிருந்து அந்த நெரிசலைப் பார்த்து வரைந்தார் கிளோத் மோனே. நடக்கிறவருக்குக் கண், மூக்கு எழுத நேரம் ஏது? ஆளுக்கு ஒரு தீற்றல். அந்த அவசரம்தான் வம்பாகியது.

அரசுக் கண்காட்சி நடுவர்களோடு மல்லுக்கட்டிச் சலித்த மோனேயும் நண்பர்களும், ஏறக்குறைய 30 பேர், 1874 ஏப்ரல் 15 அன்று நாதாரின் அதே மாடியில் தாங்களே படங்களை மாட்டினார்கள். பத்தே நாளில் லூயி லெருவா ஒரு நையாண்டிப் பத்திரிகையில் கிழித்துத் தோரணம் கட்டினார். மோனேயின் இன்னொரு படத்தலைப்பில் இருந்த 'இம்ப்ரெஷன்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கே பட்டம் சூட்டினார். காப்புசின் படத்தின் கீழ்ப்பகுதியில் நாக்கால் நக்கிய மாதிரி கறுப்பாகத் தெரிவது என்ன என்று கேலி. மனிதர்களாம்! பட்டப்பெயர் நிலைத்தது. கேலி நிலைக்கவில்லை.

பல வருடம் கழித்து, மாஸ்கோவில் மோனேயின் இன்னொரு படத்தின் முன் திகைத்து நின்றார் சட்டம் படித்த காண்டின்ஸ்கி என்பவர். அது வைக்கோற்போர் என்பதே பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்தது. எரிச்சல், ஆனால் அந்த வண்ணம் கண்ணைவிட்டு அகலவில்லை. சட்டத்தை உதறிவிட்டு ம்யூனிக் போனார். உருவமே இல்லாமல் வண்ணம் மட்டும் நிற்குமா என்று பார்க்கத் துணிந்த முன்னோடிகளில் ஒருவரானார்.

அதற்குப் பிறகு, வண்ணம் குழைக்கும் மழுங்கல் கத்தியே பலருக்குத் தூரிகையானது. மழையில் நனைந்த பாரிஸ் தெருக்கள் ஓவியங்களாகச் சுற்றுலாக்காரர்களின் பெட்டிகளில் ஏறி ஊர் ஊராகப் போயின.

எங்கள் வீட்டுச் சோபாவுக்கு மேலே தொங்கும் பழைய நகரக் காட்சி ஓவியமும் அந்த வம்சம்தான். கத்தியால் அப்பிய சாம்பல் கட்டடங்கள், ஈரச் சாலையில் கலங்கிய மஞ்சள் விளக்குகள். தூசி தட்டினால் மேடுதட்டிய வண்ணம் விரலில் உறுத்தும். கீழ் ஓரத்தில் குடை பிடித்தபடி இருவர். கிட்டே போனால் ஆளும் இல்லை, குடையும் இல்லை. கறுப்பாக இரண்டு தீற்றல்.