மூன்று கேள்வி ஆயிரமான கதை



கம்பஸில் கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் பதிந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தொல்லை. இலக்கியத்தை வைத்து வரலாறு எழுதப் போனால் தமிழ்த்துறை "இது வரலாறு" என்கிறது, வரலாற்றுத்துறை "இது வெறும் கதை" என்கிறது. அவர்களுக்காக ஆயிர மசலாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

மதீனாவின் யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரழி) நபி (ஸல்) அவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டதாக புஹாரியில் வருகிறது. மறுமையின் முதல் அடையாளம் எது? சுவர்க்கவாசிகளின் முதல் உணவு எது? பிள்ளை தகப்பனையோ தாயையோ ஒத்திருப்பது ஏன்? பதிலைக் கேட்டு இஸ்லாத்தை ஏற்றார். அந்த மூன்றும் பின்னாளில் வளர்ந்து ஒரு தனி நூலாகின. 1143இல் அது லத்தீனுக்குப் போனது. கொண்டு போனவர்கள் இஸ்லாத்தை மறுக்க ஆயுதம் தேடியவர்கள்! 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் அதே கதையைத் தமிழில் பாடி மதுரையில் அரங்கேற்றினார். முழுமையாகக் கிடைத்துள்ள இஸ்லாமியத் தமிழ் நூல்களில் மிகப் பழையது அதுதான். அதற்கு இன்னொரு பெயர் அதிசய புராணம்.

மௌலவிமாரிடம் கேட்டால், ஹதீஸில் இருப்பது மூன்றுதான், மற்றதெல்லாம் சேர்த்தது என்பார்கள். ஹதீஸ் கலையின்படி அது சரி. எங்களைப் போன்ற தமிழ் ஆசிரியர்கள் எதுகை மோனை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவோம். யார் சேர்த்தார், எந்தச் சபைக்காகச் சேர்த்தார் என்ற கேள்வி அப்படியே கிடக்கும்.

ரொனிட் ரிச்சி என்ற ஆய்வாளர் அதைத்தான் கையில் எடுத்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2006இல் முடித்த ஆய்வேட்டில் ஜாவா, மலாய், தமிழ் மூன்றிலும் உள்ள மசலாவை அருகருகே வைத்துப் படித்தார். 2011இல் அது நூலாக வந்தது. ஜாவாவின் பிந்திய பிரதிகள் சிலவற்றில், கேள்வி கேட்டவரே குருவாகிவிடுகிறார். தமிழில் கதை புராணம் என்ற பெயரோடு சபை ஏறுகிறது. எந்த அரபுச் சொல்லை அப்படியே விட்டார்கள், எதற்கு உள்ளூர்ச் சொல் போட்டார்கள் என்று பார்த்தால், அந்தந்த ஊர் மக்கள் இஸ்லாத்தை எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்பது தெரிகிறது. துறைமுகக் கணக்கிலும் கல்வெட்டிலும் இது கிடைக்காது. ஒரு சம்பவம் நடக்கவில்லை என்றாலும், அந்தக் கதையை மக்கள் பாடியதும் பிரதி எடுத்ததும் நடந்ததுதானே.

இதே ரிச்சி பிறகு, ஒல்லாந்தர் இலங்கைக்கு நாடுகடத்தியவர்களைப் பற்றியும் நம் மலாய்ச் சகோதரர்களின் கைப்பிரதிகளைப் பற்றியும் எழுதினார். 2019இல் அந்த நூல் வந்தது. அந்தப் பிரதிகள் யாரோ வீட்டில் பத்திரமாக வைத்திருந்தபடியால்தான் அதை எழுத முடிந்தது.

நம் ஊர்களில் வீடு உடைத்துக் கட்டும்போது உம்மும்மாவின் அரபுத்தமிழ்க் கிதாபுகள் மரியாதையாகப் புதைக்கப்படுகின்றன, அல்லது கடலில் விடப்படுகின்றன. புதைப்பதற்கு முன்னால் கடைசிப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள். எழுதியவர் பெயர், ஊர், ஹிஜ்ரி வருடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஃபோனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.