திரைபல இணைத்தல்: நூற்பாவும் உரையும்

கணிவரம் பறிந்து துளையியல் தேர்ந்து
வடத்தின் அளவும் நோக்கிய பின்றைத்
திரைபல இணைத்தல் முறைமைத் தாகும்.

இஃது என் நுதலிற்றோ எனின், வீட்டைப் பணியிடமாகக் கொண்டோர் தம் மடிக்கணினியோடு மானிட்டர்கள் பலவற்றைச் சேர்க்கும் முறை உணர்த்துதல் நுதலிற்று.

இதன் பொருள்: கணினி தாங்கவல்ல திரைகளின் எல்லையை அறிந்து, அதன் துளைகளின் தன்மையை ஆராய்ந்து, கேபிள் சுமக்கும் அளவையும் பார்த்த பின்னரே திரைகள் பலவற்றை இணைப்பது முறையாம் என்றவாறு.

கணிவரம்பு என்றது, கணினியின் வரைகலைப் பகுதி ஒரே காலத்தில் எத்தனை திரைகளுக்குப் படம் அனுப்பவல்லது என்னும் எல்லையை. துளைகளின் எண்ணிக்கை அவ்வெல்லையைக் காட்டாது. 2020இல் வந்த எம்1 மேக்புக் ஏரில் யூஎஸ்பி-சி துளை இரண்டு. அது நேரே ஏற்கும் புறத்திரையோ ஒன்றே. 2024இன் எம்3 ஏர், மூடி சாத்தியிருப்பின் இரண்டு ஏற்கும். 2025இன் எம்4 ஏர், மூடி திறந்திருப்பினும் இரண்டு ஏற்கும். ஆகலின் துளையை எண்ணித் திரை வாங்கற்க. கேபிளும், துளைகளைப் பெருக்கும் டாக் என்னும் பெட்டியும் பின்னர் மாற்றத்தக்கன. வரம்போ கணினியோடு பிறந்தது. அதுபற்றியே ஆசிரியர் இதனை முதற்கண் வைத்தார்.

அற்றேல், டிஸ்ப்ளேலிங்க் உள்ள டாக் கொண்டு அவ்வரம்பைக் கடக்கின்றனரே எனின், அது படத்தை மென்பொருளாற் சுருக்கி யூஎஸ்பி வழியே தரவாக அனுப்புவது. வரைகலைப் பகுதியின் நேர்வெளியீடு அன்று. செயலிக்குச் சுமை ஏற்றும். எழுத்துக்கும் கணக்குப் பட்டியலுக்கும் போதும். விரைந்து அசையும் படங்களுக்கு ஏற்றதன்று. எனவே நூற்பாவிற்கு இழுக்கின்மை அறிக.

துளையியல் என்புழி, இயல் என்றது வடிவத்தை அன்று, தொழிலை. வடிவு ஒன்றாயினும் தொழில் வேறாதல் யூஎஸ்பி-சி துளையிற் காண்க. ஒன்று மின்னூட்டமும் தரவும் மட்டும் தரும். பிறிதொன்று டிஸ்ப்ளேபோர்ட் குறிப்பலையும் உடன் தந்து படம் காட்டும். தண்டர்போல்ட் 4 என்னும் பெயர்பெறும் கணினி இரண்டு 4கே திரைகளைத் தாங்குதல் வேண்டும் என்பது அதன் விதி. இனி, ஒரு துளையினின்றே எம்எஸ்டி முறையாற் பல திரைகளைப் பிரிப்பது விண்டோஸில் இயலும். மேக் ஓஎஸ்ஸில் அவ்வாறு பிரித்த திரைகள் ஒரே படத்தையே காட்டும். தேர்ந்து என்றமையான், துளையின் வடிவைக் கண்டு அமையாது, அம்மாடலின் விவரப் பட்டியலையும் படித்துத் தெளிக என்பதூஉம் பெற்றாம்.

வடம் என்றது கேபிளை. அளவு என்றது நீளத்தோடு, அது சுமக்கும் தரவின் வேகத்தையும். எச்டிஎம்ஐ 1.4 வழியே 4கே படம் நொடிக்கு 30 முறையே புதுப்பிக்கப்படும், 2.0 வழியே 60. முப்பதில் மவுஸ் சுட்டி தயங்கித் தயங்கி நகர்தலின், நாள் முழுதும் திரைமுன் இருப்பார்க்கு அது சோர்வாம். இனி, போனுக்கு மின்னூட்டத் தந்த சி-கேபிள்கள் பல யூஎஸ்பி 2.0 அளவினவே, அவற்றின் வழி டிஸ்ப்ளேபோர்ட் படம் செல்லாது. ‘திரை கெட்டது’ என்று மயங்குவார், முதலில் கேபிளை மாற்றிப் பார்க்க.

அளவும் என்புழி உம்மை, இறந்தது தழீஇய எச்சவும்மை. சொல்லாத டாக்கையும் அடாப்டரையும் வடம் என்றதன்கண் அடக்கிக் கொள்க. ஏரி நிறைந்திருப்பினும் மதகு குறுகின் வயலுக்குப் பாய்வது மதகின் அளவே ஆகலான்.

பின்றை என்றது காலவரையறை. திரையை வாங்கிப் பெட்டி பிரித்தபின் ஆராய்தல் இதனான் விலக்கப்பட்டது.

திரைபல என்றது வெவ்வேறு படம் காட்டுவனவற்றை. ஒரே படத்தை இரண்டிலும் காட்டின் திரை இரண்டாயினும் இடம் ஒன்றே. விண்டோஸ் விசையோடு பி விசையை அழுத்தி, பணியிடத்தை விரிக்கும் தெரிவைக் கொள்க.

முறைமைத்து என்பது குறிப்பு வினைமுற்று. அதனுள் இருத்தும் முறையும் அடங்கும்: மிகுதியும் நோக்கும் திரை நேரெதிரே, ஒரு கை நீளத்தில், மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுத் தாழ்ந்தோ நிற்க, மற்றையது பக்கத்தே சாய்ந்து அணைக. மேசைமேல் இடப்பால் இருப்பதனை அமைப்புப் பக்கத்திலும் இடப்பாலே இழுத்து வைக்க. அன்றேல் சுட்டி எதிர்ப்பக்க விளிம்பின் வழியே மறுதிரை புகும்.